கண்ணை மூடாத பிள்ளை

1

கண்ணை மூடவில்லை என்று ஒரு பிள்ளையின் மேல் பிராது வருமா? வந்தது. அடுத்தவள் தாளைப் பார்த்து எழுதினாள் என்றால் புரியும். யாரையோ அடித்துவிட்டாள், கண்ணாடியை உடைத்துவிட்டாள் என்றால் புரியும். என் மகள் ரேணுகா வகுப்பில் கண்ணை மூட மாட்டேன் என்கிறாளாம். அதற்குப் பெற்றவள் நேரில் வர வேண்டுமாம். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரியுங்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து இது நாலாவது குளிர்காலம். நுவரெலியா டவுனில் தையற்கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் கோப்பை கழுவுகிறார். எனக்கு வேலை செய்ய இன்னும் அனுமதி இல்லை. அனுமதி கேட்டுப் போனால் முதலில் விசா வரட்டும் என்கிறார்கள். விசா கேட்டுப் போனால் முதலில் அகதி வழக்கு முடியட்டும் என்கிறார்கள். வழக்கு எப்போது முடியும் என்றால் அடுத்த கதவைத் தட்டச் சொல்கிறார்கள். அடுத்த கதவுக்குள் இருந்த பெரிய அதிகாரியை ஒருநாள் அவசரத்தில் 'நீ' போட்டுப் பேசிவிட்டேன். தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் 'ங்க' போட்டே பழகின வாய், இந்தப் பாஷையில் மரியாதை எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் உளறிவிட்டது. அந்த மனுஷன் முகம் போன போக்கைப் பார்த்தால், அன்றைக்கே எங்களை விமானத்தில் ஏற்றிவிடுவார் போல் இருந்தது.

சரி, பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ரேணுகாவுக்குப் பதினாலு வயது. வந்த வருஷமே பாஷையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். சோற்றைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறாள், உருளைக்கிழங்கு என்றால் ஓடி வருகிறாள். அதெல்லாம் போகட்டும். போன கோடையிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. கணக்குப் பாடத்தில் முதலாவதாக வந்தவள், இப்போது கேள்வியைப் பாதி படித்ததும் தாளைத் திருப்பி வைத்துவிடுகிறாள். தவணை முடிவில் அவளை இதே பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்வதா, மந்தமான பிள்ளைகளுக்கென்று இருக்கிற வேறொரு பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிடுவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். அங்கே போன பிள்ளை மேலே ஏறி வருவது லேசில் நடக்காது என்று இங்கே பார்க்கிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். 

இந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் தியானம் வந்தது. கொண்டுவந்தவர் ஒரு தாடிக்கார மாஸ்டர். குளிரில் கம்பளிச் சாக்சுக்கு மேல் செருப்புப் போட்டுக்கொண்டு திரிகிற நல்ல மனுஷன். இந்தியாவுக்குப் போய்க் கொஞ்ச காலம் ஏதோ ஓர் ஆசிரமத்தில் இருந்துவிட்டு வந்தவராம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மனம் அலைபாய்கிறது, பரீட்சைப் பயம், வீட்டில் சண்டை, தூக்கமில்லை. தினம் கொஞ்ச நேரம் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் மனமும் அடங்கும், படிப்பும் ஏறும் என்கிறார். பொய்யில்லை. நகத்தைக் கடித்துக் கடித்து விரலைப் புண்ணாக்கிக்கொண்ட ஒரு பிள்ளை இப்போது கடிப்பதில்லையாம். அவர் சொல்லும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. என் பிள்ளை மட்டும்தான் மூட மாட்டேன் என்கிறாள்.

மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை ஒரு பக்கம், தாடி மாஸ்டர் ஒரு பக்கம், நடுவில் நான்.

"தங்கச்சி, எல்லாப் பிள்ளையளும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கேக்க, உங்கட மகள் மட்டும் முழிச்சுக்கொண்டு கதவையே பாத்துக்கொண்டு இருக்கிறாவாம். மற்றப் பிள்ளையளுக்கு அது இடைஞ்சலாம்" என்றார் அக்கா.

"கதவ பாத்தா கதவு என்னாங்க, தேஞ்சா போயிரும்?" என்றேன்.

அக்கா அதை மொழிபெயர்க்கவில்லை. எனக்கு நல்லதென்று நினைத்து வேறு ஏதோ பணிவாகச் சொன்னார் என்று தலைமை ஆசிரியை சிரித்ததிலிருந்து தெரிந்தது. அப்புறம் தலைமை ஆசிரியை சொன்னதை அக்கா மெதுவாகச் சொன்னார். பிள்ளை ஒத்துழைக்கிறதில்லை, இது பிடிவாதம், தவணை முடிவில் இதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். தாடி மாஸ்டருக்குத்தான் தாங்கவில்லை. தியானம் பிறந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நீங்கள், உங்கள் பிள்ளைக்கா நான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கையைக் கூப்பினார். எங்கள் மண்ணில் பிறந்தது தேயிலையும், அதைப் பறிக்கப் பிள்ளைகளும்தான் ஐயா என்று சொல்ல வாய்வரை வந்தது. அக்காவைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

2

தாடி மாஸ்டரிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்கும் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் நான் பட்ட பாடு இருக்கிறதே!

டிக்கோயாப் பக்கம் எங்கள் தோட்டம். அறுபதுகளின் கடைசி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் ஓ லெவல் வகுப்புவரை வந்த பெண்பிள்ளை எங்கள் லயத்தில் நான் ஒருத்திதான். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுத்துத்தான் வீடு ஓடியது. 'போதும் படிச்சது, தொரைகிட்டச் சொல்லிப் பேரு பதிஞ்சிருவோம்' என்று அம்மாவிடம் சொல்லாத ஆளில்லை. பேர் பதிந்தால் அவ்வளவுதான். மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் நிற்க வேண்டும், முதுகில் கூடை ஏறிவிடும்.

எங்களுக்கு விஞ்ஞானம் எடுத்தவர் சூசை மாஸ்டர். அட்டன் பையன், வேதக்காரர், படிப்பு முடித்து நேரே வந்தவர். பரீட்சைத் தாளைக் கண்டாலே எங்களுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோகும். ஒருத்தி வகுப்பிலேயே வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு அவர் எங்கோ படித்ததையும் தம் சாமியார்களிடம் கேட்டதையும் சேர்த்துக் காலையில் எங்களை உட்கார வைத்தார்.

"கண்ண மூடுங்க. மூச்சு உள்ள போறதயும் வெளிய வர்றதயும் மட்டும் பாருங்க. யாரு கூப்ட்டாலும் பேசாதீங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

ஆறு பேர் ஒரு காம்பராவில் கிடந்து, அடுத்த காம்பராக்காரர் இருமினால் எங்கள் வீட்டில் விழித்துக்கொள்கிற லயத்தில் வளர்ந்தவள் நான். யாரும் என்னை எதுவும் ஏவாத நேரம் என்று ஒன்று இருக்கிறது என்பதே அங்கேதான் தெரிந்தது. அவ்வளவு சுகமாக இருந்தது. மாஸ்டர் அதோடு விட்டிருக்கலாம். வீட்டிலும் செய்து பாருங்கள் என்று சொல்லித்தான் வம்பை இழுத்தார்.

பொழுது சாய்கிற நேரம். அம்மா வேலைவிட்டு வந்து அடுப்பில் விறகை வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போகச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் மூலையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் கூப்பிட்டாலும் பேசாதே என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறாரே, பேசவில்லை. எங்கள் லயத்தில் ஒரு குமரிப்பெண் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக் கூப்பிட்டதற்குப் பேசாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு.

"அய்யோ, எம் புள்ளைக்கு ஆத்தா எறங்கிட்டாளே!" என்று அம்மா வாசலில் நின்று போட்ட கூச்சலில் லயமே திரண்டுவிட்டது.

தப்பு மேளம் வந்தது. பூசாரி மாமா வந்தார். பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், திருவிழாவுக்குக் கரகம் எடுக்கிறவர், எங்களுக்கு மூன்றாவது காம்பரா. எங்கள் குளிரில் வேம்பு வளராது. கீழ்நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கோயிலில் காய்ந்து கிடந்த வேப்பங்கொத்தை எடுத்து என் தலையில் ஒன்று போட்டார்.

"யாரு நீ? எங்கேருந்து வந்த?"

"நாந்தாங்க, ராஜேஸ்வரி. பள்ளிக்கூடத்துல மூச்சு பாக்கச் சொன்னாங்க, பாத்துக்கிட்டு இருந்தேன்."

"பொய்யி!" என்று இன்னொன்று போட்டார். "யாருன்னு சொல்லு!"

"மாமா, என்னயத் தெரியலயா மாமா? காலையிலகூட ஒங்க வீட்டுல உப்பு வாங்கிட்டுப் போனேனே!"

"பாத்தீங்களா, ஆத்தா வெளையாடுறா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார் மாமா. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தப்பு இன்னும் பலமாக விழுந்தது.

நானும் எவ்வளவு நேரம்தான் உண்மையே பேசுவேன்? தலை வலித்தது, வேப்பஞ்சருகு கண்ணில் விழுந்தது, சுற்றி நின்ற ஒருவருக்கும் என் பதில் பிடிக்கவில்லை. கடைசியில் வெறுத்துப்போய், "ஆமாடா, ஆத்தாதாண்டா வந்திருக்கேன்!" என்று கத்திவிட்டேன்.

எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி! தப்பு நின்றது. மாமா கையைக் கட்டிக்கொண்டார். "என்னா வேணும் தாயே?"

கேட்டதும் எனக்குப் புத்தி வேலை செய்தது. "இந்தப் புள்ள பரீட்சை எழுதணும். அதுவரைக்கும் இதத் தண்ணி தூக்க அனுப்பாதீங்க. பேரு பதியிற பேச்ச எடுக்காதீங்க."

"ஆகட்டும் தாயே, ஆகட்டும்" என்று என்னைப் பெற்றவள் என் காலில் விழுந்தாள். அடுத்து ஆளாளுக்குக் குறி கேட்க வந்துவிட்டார்கள். ஏழாம் நம்பர் காம்பராக்காரி, இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி தங்கள் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்புவார்களா, இங்கேயே வைப்பார்களா என்று கேட்டாள். கொழும்பிலும் டில்லியிலும் இருக்கிறவர்களுக்கே தெரியாத விஷயத்தை என்னிடம் கேட்டால் நான் எங்கே போவேன்? மயங்கி விழுந்த மாதிரி விழுந்து தப்பித்தேன்.

மறுநாளே தாய்மார் நாலைந்து பேர் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளைகளுக்குச் சாமி வரவழைக்கிறார்கள் என்று சத்தம் போட்டார்கள். பெரிய மாஸ்டர் பயந்துபோய் அதை நிறுத்திவிட்டார். சூசை மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஆத்தா கேட்டுக்கொண்டபடி நான் பரீட்சை எழுதினேன், பாசும் பண்ணினேன்.

3

பள்ளிக்கூடத்திலிருந்து நானும் ரேணுகாவும் வீட்டுக்கு வந்தபோது எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. இவள் அப்பா கையெல்லாம் வெந்து போய்க் கோப்பை கழுவுவது யாருக்காக? சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, கண்ண மூடுனா என்னா கொறஞ்சிருவ?"

"பிடிக்கல" என்றாள், வழக்கம்போல் ஜெர்மனில்.

"பிடிக்கலன்னா? எல்லாப் புள்ளைகளும் மூடுதுல்ல?"

அவள் பையைக் கழற்றி மூலையில் போட்டாள்.

"பயமாடி? இல்ல, அந்த மாஸ்டர் ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லம்மா. விடும்மா."

"அப்ப என்னாதான்டி ஒனக்கு? திமிரா? வெள்ளக்காரப் புள்ளைகளோட சேந்து திமிரு ஏறிப்போச்சா?"

ரேணுகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமா" என்றாள். "திமிருதான்."

பதில் கிடைத்துவிட்டது. நான் கேட்ட பதில், எனக்குத் தோதான பதில். அதை வைத்துக்கொண்டு இன்னும் அரைமணி நேரம் கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன், கத்த வரவில்லை. அவள் 'ஆமா' சொன்ன விதம் எனக்குத் தெரிந்த விதம். அடி தாங்காமல், விட்டால் போதும் என்று சொல்கிற ஆமாம். நான் கையில் வேப்பங்கொத்து இல்லாத பூசாரியாக அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

தேத்தண்ணி போட்டேன். அவளுக்கும் ஒரு கோப்பை வைத்துவிட்டு, "எனக்குச் சாமி வந்த கதைய ஒனக்குச் சொல்லியிருக்கேனாடி?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினாள். சொன்னேன். பூசாரி மாமாவை நான் மாமா என்று கூப்பிட்டதும் ஆத்தா விளையாடுகிறாள் என்று அவர் சொன்ன இடத்தில் ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி மூக்கில் ஏறி இருமினாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை மாசமோ! சிரித்து முடித்துக் கோப்பையை மேசையில் வைத்தாள். அப்புறம் தமிழில் பேசினாள்.

"அம்மா, தேயிலைக்குள்ள ஒளிஞ்சிருந்தோம்ல."

எண்பத்து மூன்று ஆடி மாசத்தைச் சொல்கிறாள். டவுனில் தமிழர் கடைகளைக் கொளுத்திக்கொண்டு வந்தார்கள். எங்கள் கடைக்குப் பின்னால்தான் எங்கள் அறையும். கடை பற்றியபோது பிள்ளையை இழுத்துக்கொண்டு மேலே இருந்த தேயிலை மலைக்குள் ஓடினேன். மழையும் பனியும். இவள் அப்பா கீழேயே நின்றுவிட்டார்.

"நீ என்னா சொன்ன? கண்ண மூடிக்க, நான் சொல்ற வரைக்கும் தொறக்காதன்னு சொன்ன."

"ஆமாடி. நெருப்ப நீ பாக்க வேணாம்னுதான்."

"மூடிக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல ஒன் கை இல்ல. கூப்ட்டேன். நீ பேசல. கீழ ஆளுங்க கத்துறது கேக்குது, கண்ணாடி ஒடையிறது கேக்குது. நீ சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாதுல்ல, அதான் தொறக்கல. ரொம்ப நேரம்மா."

அவள் அப்பாவைத் தேடித்தான் நான் கீழே இறங்கினேன். வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள். செடிக்கு நடுவில் பத்திரமாகத்தான் விட்டுவிட்டுப் போனேன். அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது பிள்ளை அதே இடத்தில், அதே மாதிரி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தாள். எவ்வளவு சமத்தாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. சமத்தாம்!

"முன்னெல்லாம் அது ஞாபகம் வராதும்மா. போன சம்மர்ல திரும்ப அனுப்பிருவாங்கன்னு நீங்க பேசிக்கிட்டீங்கள்ல, அப்பேருந்து வருது. கண்ண மூடுனா ஒன் கை இல்ல. தொறந்து வச்சிருந்தா ஒண்ணும் இல்ல. மாஸ்டர் மூடு மூடுங்கிறாரு. அவருக்கு நான் எப்புடிச் சொல்றது?"

இதைத்தான் பிடிவாதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் திமிர் என்றேன். இவ்வளவு படித்த மாஸ்டர், மனதுக்கு நல்லது மனதுக்கு நல்லது என்கிறவர், ஏன் பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒருமுறை கேட்டாரா? நான்தான் கேட்டேனா? அழுதேன். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

4

யாழ்ப்பாணத்து அக்காவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். இந்தத் தடவை நான் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும், பணிவு கிணிவு சேர்க்கக் கூடாது என்று வழியிலேயே கெஞ்சிவிட்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே சொன்னார். தலைமை ஆசிரியை ரொம்ப வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு, இதற்கு மனநல வைத்தியரிடம் போக வேண்டும், அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் சம்மதம் வேண்டும், சம்மதம் வர நாளாகும், அதுவரை வகுப்பு வகுப்புத்தான் என்றார். இந்த நாட்டில் வருத்தப்படுவதற்கு மட்டும்தான் யாருடைய அனுமதியும் வேண்டாம்.

"கண்ணத் தொறந்துக்கிட்டே இருக்கட்டுமே, என்னாங்க போயிரும்?" என்றேன்.

தாடி மாஸ்டர் யோசித்தார். கண்ணைத் திறந்துகொண்டும் செய்யலாம்தான், ஆனால் மூடினால்தான் முழுப் பலன் என்றார். விடுகிறாரா பாருங்கள். அப்படியென்றால் நானும் வந்து அவள் எதிரில் உட்காருகிறேன் என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கீழைத்தேயத்துத் தாய் ஒருத்தி தம் வகுப்பில் வந்து உட்காருவதை அவர் பெரிய கௌரவமாக எடுத்துக்கொண்டார்.

போனேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. ரேணுகாவுக்கு நேர் எதிரில் எனக்கு இடம். மாஸ்டர் ஒரு சின்ன மணியைத் தட்டினார். எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடின. அவரும் மூடினார். அத்தனை பேருக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர்தான் முழித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன். வேணும்னா மூடு, வேணாம்னா வேணாம்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், அந்த அமைதியில் அது ஊருக்கே கேட்டது. இரண்டு பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ரேணுகா மூடினாள். உடனே திறந்தாள். நான் கையை ஆட்டினேன். மறுபடி மூடினாள். மறுபடி திறந்தாள். நான் மறுபடி ஆட்டினேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் மூச்சைப் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை, அந்த இமைகளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவை திறக்கவில்லை. தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. என் பிள்ளை தூங்கிவிட்டாள்.

மணி தட்டினார்கள். பிள்ளைகள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தன. அவள் அசையவில்லை. மாஸ்டர் குனிந்து பார்த்தார். முகத்தில் வருத்தம். என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிய வேண்டுமென்று ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்து, ரொம்ப அன்பாகச் சொன்னார். இது தியானம் இல்லை அம்மா. இது தூக்கம். தியானத்தில் விழிப்பு இருக்க வேண்டும். இன்றைக்கும் அவள் வகுப்பில் கலந்துகொள்ளவில்லை என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கும். சொல்லிவிட்டு அவளை எழுப்பக் கையை நீட்டினார்.

நான் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். தெரிந்த நாலு ஜெர்மன் வார்த்தையும் அந்த நேரம் எங்கே போனதோ, தமிழ்தான் வந்தது.

"சும்மா இருங்க மாஸ்டர். புள்ள தூங்குது."